கருவம்பொட்டலில் வண்டி நிற்கும்: காத்தமுத்து அண்ணன் நினைவாக

காத்தமுத்து அண்ணன் இறந்த செய்தி எனக்குப் போனில் வந்தது. ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில், தாலுகா ஆபீசுக்குப் போகிறவர்களின் ரேஷன் கார்டுகளை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். பேசியவர் என் சின்னம்மா பேச்சியம்மாள்.

“அண்ணன் போயிட்டாருடா. காலையில டீயக் குடிச்சிட்டு நெஞ்சு வலிக்குதுன்னு சாஞ்சவரு, எந்திரிக்கல. மக வரணும்ல, நாளைக்கு மத்தியானந்தான் எடுக்குறாக. நீ பாசஞ்சர்லயே வா. அவசரம்னு பஸ்ஸுல கிஸ்ஸுல ஏறி வந்துறாத. மனுசன் எந்திரிச்சு உக்காந்து வைவாரு.”

அழுதுகொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. கடைக்கு வந்திருந்த ஒருவர், “என்ன தம்பி, நல்ல சேதியா?” என்று கேட்டார்.

இரங்கல் கட்டுரை என்றால் இறந்தவரைத் தூக்கிக் கோபுரத்தில் வைத்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அது வராது. காத்தமுத்து அண்ணன் தவறு செய்வார். செய்த தவறைத் திருத்தும்போது இன்னொரு தவறு செய்வார். அவரோடு நான் போட்ட சண்டைக்கு அளவில்லை. எங்கள் ஊர் ரயில் பயணிகள் சங்கத்துக்கு அவர் தலைவர், நான் செயலாளர். உறுப்பினர்கள் சேரவேண்டியது மட்டும்தான் நெடுங்காலம் பாக்கியாக இருந்தது. அவரைத் தெரிந்தவர்களுக்கு இது பழைய கதை. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கருவம்பொட்டல், பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. மிளகாயும் மானாவாரி நெல்லும் விறகைக் கரியாக்கும் கரிமூட்டமும்தான் பிழைப்பு. மேலத்தெருவில் நிலம் உள்ளவர்கள். கிழக்கே, தண்டவாளத்துக்குப் பக்கத்தில், அந்த நிலத்தில் வேலை செய்கிறவர்களின் காலனி. அண்ணன் மேலத்தெரு, நான் காலனி. எங்கள் ஊரில் மேலத்தெருக்காரர்களை நாங்கள் ‘அய்யா’ என்றும், எங்களை அவர்கள் ‘ஏலே’ என்றும் கூப்பிடுவது எழுதாத சட்டம். பழகிய முதல் நாளே அவர் என்னைத் ‘தம்பி’ என்றார். நான் ‘அய்யா’ என்றதும், “அய்யாங்காத. எனக்கு இன்னும் அவ்வளவு வயசாகல” என்றார். அன்றிலிருந்து அண்ணன்தான்.

எழுபத்து நாலில் அவர் லாரி கிளீனராக இருந்தார். கடற்கரை உப்பளத்திலிருந்து மதுரைக்கு உப்பு ஏற்றிப் போகும் லாரி. அந்தச் சமயம் டீசல் விலை ஏறியது. முதலாளி நடைகளைக் குறைத்தார். நடை இல்லாத நாளில் கிளீனருக்குப் படி கிடையாது. ராமநாதபுரம் புறவழியில் நிறுத்திவைத்த லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி உப்பு மூட்டைகளோடு போகும் சரக்கு ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்.

“அரபு நாட்டுல எவனோ கொழாயத் திருகுறான். இங்கன எனக்கு ரெண்டு பரோட்டா கொறையுது. அவனுக்கும் எனக்கும் என்ன தம்பி பங்காளித் தகராறு?”

நாட்டின் எண்ணெய்க் கொள்கை பற்றி எத்தனையோ பேர் எழுதியதைப் பிறகு படித்திருக்கிறேன். அந்த இரண்டு பரோட்டாவைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கவில்லை.

எண்பதுகளில் அவர் அந்தக் குழாயைத் திருகுகிறவர்களின் ஊருக்கே போனார். நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போகாத தெரு ஏது? பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் முகாம்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டினார். குவைத் சண்டை வந்தபோது ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தார். அவரோடு வந்தவர்கள் சென்ட்டும் கம்பளியும் டேப்ரெக்கார்டரும் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது சொற்பொழிவு.

வண்டிக்கும் வாகனத்துக்கும் வெளியூர் எண்ணெயை நம்பியே ஒரு நாடு ஓடக்கூடாது, ஆட்களையும் சரக்கையும் ரயிலில் ஏற்று, கிராமத்துக்குக் கிராமம் ரயில் நிற்கட்டும், பஸ் அதற்குக் கிளையாக இருக்கட்டும், லாரி கடைசி. இதுதான் சொற்பொழிவின் சாரம். டீக்கடையில் ஆரம்பித்தால் கண்ணாடி டம்ளர் காய்ந்து போகும்வரை பேசுவார். மேலத்தெருக்காரர்கள் சும்மா விடுவார்களா?

“ஏப்பா காத்தமுத்து, எண்ணெய் வேணாங்குறியே, நீ கட்டுன மாடி வீடு எந்தக் காசு?”

“எண்ணெய்க் காசுதான். அதத்தான சொல்றேன். நம்ம காசு மொத்தமா அங்கிட்டுப் போகுது. அதுல ஒரு கொசுறு எனக்குச் சம்பளமா திரும்பி வந்துச்சு. மொத்தமும் இங்கனயே கெடந்தா நான் எதுக்குப் பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு மணல் திங்கப் போறேன்?”

“ரயிலு மட்டும் என்ன தண்ணியிலயா ஓடுது? அதுவும் டீசல்தான?”

“நீ ஏறுனாலும் அது ஓடத்தான் போகுது, ஏறாட்டியும் ஓடத்தான் போகுது. நீ ஏறலன்னா உனக்குன்னு இன்னொரு வண்டி குடிக்கணும். பந்தியில எலை போட்டாச்சு. அதை விட்டுட்டு ஏன் மாமா, வீட்டுல போயித் தனியா ஒல வைக்கிறீரு?”

டீக்கடை சிரிக்கும். சிரித்துவிட்டு அவரவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போவார்கள்.

சிக்னலில் எஞ்சினை அணைத்து எண்ணெயைச் சேமியுங்கள் என்று அந்த நாட்களில் எல்லா இடத்திலும் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் சிக்னலே கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது. கார் வாங்கக் கடன் கொடுப்பார்கள், நாலு வழிச் சாலை போடுவார்கள், பிறகு கிராமத்தானைப் பார்த்துச் சிக்கனமாக இரு என்பார்கள். இதைச் சொல்லி நான் கத்துவேன். அண்ணன் என்னைவிடச் சத்தமாகக் கத்துவார். எங்கள் நட்பு அப்படி வளர்ந்தது.

அவருடைய முதல் பெரிய தவறு காட்டாமணக்கு. அதன் விதையிலிருந்து டீசல் எடுக்கலாம், தரிசு நிலமெல்லாம் பொன் விளையும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். வறண்ட ராமநாதபுரத்துக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? அண்ணன் தன் மிளகாய்க் கொல்லையில் பாதியை அழித்துக் காட்டாமணக்கு நட்டார். நான் வேண்டாம் என்றேன். “நீ எல்லாத்துக்கும் வேணாம்ப” என்றார். செடி தழைத்தது. காய் வரவில்லை. வந்த கொஞ்சத்தை வாங்க ஆள் வரவில்லை. பரிந்துரை செய்தவர்கள் யாரையும் அதற்குப் பிறகு கண்ணால் பார்க்கவில்லை. கடைசியில் தானே செக்கில் ஆட்டி, எண்ணெயைப் பம்புசெட்டில் ஊற்றி ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் கொஞ்ச நேரம் இருமியது, கரும்புகையாகக் கக்கியது, நின்றுவிட்டது. அவருடைய அண்ணன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக இவரைத் துரத்தினார். அது கூட்டுப் பம்புசெட்டு.

அன்று மாலை காலனிப் பக்கம் வந்து தண்டவாளத்து ஓரத்தில் உட்கார்ந்தார். நான் சொன்னதுதான் நடந்தது என்று குத்திக்காட்டத் தயாராக இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“ஆடுகூட மோந்து பாக்காத செடி தம்பி. ஆட்டுக்கு இருக்குற அறிவு எனக்கு இல்லாமப் போச்சு.” வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: “எண்ணெய்க்குப் பதிலா இன்னொரு எண்ணெயத் தேடுறது கிறுக்குத்தனம். குடிகாரன் கடைய மாத்துற கணக்கு. குடிக்காமப் போக என்ன வழின்னு பாக்கணும். அந்த வழி இந்தா கெடக்கு.” கையால் தண்டவாளத்தைத் தட்டினார்.

அந்தத் தண்டவாளத்துக்கும் அப்போது ஆபத்து வந்திருந்தது. மீட்டர் கேஜை அகலப் பாதையாக மாற்றுவதற்காக வண்டிகள் நின்றன. அந்த இடைவெளியில் ஊருக்குள் வேனும் ஷேர் ஆட்டோவும் நுழைந்தன. பால்காரர், கொத்தனார், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், எல்லோரும் டீசல் புகையில் பிதுங்கிக்கொண்டு போய்ப் பழகிவிட்டார்கள். புதுப் பாதையில் பாசஞ்சர் மீண்டும் ஓடத் தொடங்கியபோது ஒரு செய்தி வந்தது. கருவம்பொட்டல் ஹால்ட்டில் டிக்கெட் விற்பனை மிகக் குறைவு. இப்படியே போனால் வண்டி இனி இங்கே நிற்காது.

வெளியூர்க்காரருக்கு இது தலைகால் புரியாது. காலைப் பாசஞ்சர் எங்கள் ஊரில் பிதுங்கி வழியும். பிறகு எப்படி விற்பனை இல்லை?

காரணம் ஊருக்கே தெரியும். வாய்விட்டுச் சொல்ல யாரும் இல்லை. ஹால்ட் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஒரு ஏஜென்ட்தான். எங்கள் ஏஜென்ட் சோலை, அண்ணனின் மனைவியோடு பிறந்தவர். மேலத்தெருவில் அவருக்கு உறவில்லாதவர் ஒருவரும் இல்லை. ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று, “என்ன மாப்ள, நல்லாருக்கியா?” என்று கேட்டுவிட்டு நேராக வண்டியில் ஏறிவிடுவார்கள். உறவுக்காரரிடம் டிக்கெட்டுக்குக் காசு கேட்பதா?

“மாமன் மககிட்டக் காசு கேக்குறதுக்கு நான் நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்” என்று சோலை வெளிப்படையாகவே சொல்வார். கமிஷன் வராமல் அவர் வீட்டில் தினம் சண்டை. ஆனாலும் கேட்கமாட்டார்.

டிக்கெட் எடுத்தவர்கள் நாங்கள் மட்டும்தான், காலனிக்காரர்கள். அந்த ஜன்னலில் எங்களை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆள் இல்லை. எங்களிடம் காசு கேட்கச் சோலைக்கு நாக்குக் கூசியதும் இல்லை. நிலம் உள்ளவன் ஓசியில் உட்கார்ந்து போவான். அவன் நிலத்தில் கூலி வேலை செய்கிறவள் டிக்கெட் எடுத்து நின்றுகொண்டு போவாள். ஒரு நாடு எண்ணெயை மிச்சம் பிடிக்க ரயில் விடுகிறது. அந்த ரயிலைக் கொல்ல எங்கள் ஊருக்கு மாமன் மச்சான் முறை போதும்.

ஒரு ரயில்வே அதிகாரி வந்து பார்த்தார். கூட்டத்தையும் பார்த்தார், விற்பனையையும் பார்த்தார். “இந்த ஊர்ல ஏறுறது மனுசங்களா, காத்தா?” என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை மறுபடி வருவதாகவும், அன்றும் இப்படியே இருந்தால் ஹால்ட்டை எடுத்துவிடும்படி எழுதப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை.

அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய தவறு அது.

எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷத்துக்கு உறவுக்காரரை வாயால் கூப்பிட்டால் வரமாட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அப்படி அழைத்துவிட்டால் வராமல் இருக்க முடியாது. அண்ணனும் அவர் துணைவியாரும் தட்டோடு மேலத்தெருவில் வீடு வீடாக ஏறினார்கள்.

“வர்ற திங்கக்கெழம, காலைப் பாசஞ்சருக்குக் குடும்பத்தோட வரணும். டிக்கெட்டோட போகணும்.”

“என்ன விசேசம் மச்சான்? ரயிலுக்குக் காதுகுத்தா?”

“காதுகுத்து இல்ல மாப்ள, கருமாதி. நீங்க வரலன்னா.”

எல்லா வீட்டிலும் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு ஏக சந்தோஷம்.

திங்கட்கிழமை காலையில் மேலத்தெரு மொத்தமும் வந்தது. பெண்கள் பட்டுச்சேலையில், தலை நிறையப் பூ. ஆண்கள் சலவை வேட்டி. பிள்ளைகளுக்குப் பவுடர். அதிகாரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஜன்னலில் சோலை டிக்கெட்டோடு தயாராக இருந்தார். ஜன்னலுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் அண்ணனைப் பார்த்தபடி நின்றார்கள். வண்டிச் சத்தம் கேட்டது. அவருடைய பெரியப்பா ஒருவர் கையை நீட்டினார்.

“டிக்கெட்டக் குடுப்பா, ஏறுவோம்.”

“எங்கிட்டக் கேக்குறீக? அந்தா சன்னல்ல எடுங்க பெரியப்பா.”

“அழைச்சது யாரு?”

“நாந்தேன்.”

“அப்ப நீதான டிக்கெட்டு எடுக்கணும்? பந்திக்கு அழைச்சவன் எலைக்குக் காசு கேப்பானாப்பா? நல்லா இருக்கே!”

வண்டி வந்தது. வழக்கம்போல எல்லோரும் ஏறிவிட்டார்கள், இன்று பட்டுச்சேலையோடு. அதிகாரி சோலையிடம் விற்பனை எவ்வளவு என்று கேட்டார். “ரெண்டு சார். ஒண்ணு மச்சானுக்கு. இன்னொண்ணு... மனசு கேக்கல, நானே எடுத்துட்டேன்.”

தினமும் எடுக்கும் காலனிக்காரர்கள் எங்கே என்று கேட்கிறீர்களா? நாங்கள் அன்று வேனில் போனோம்; ஹால்ட்டில் நடந்ததைச் சோலை பிறகு சொன்னார். ஊரையே வெற்றிலை வைத்து அழைத்தவர் எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை. வேன் ரயிலுக்கு இணையாகச் சாலையில் போனபோது ஜன்னல் வழியாக அவருக்குக் கையாட்டினேன். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

மாலையில் காலனிக்கு வந்தார். வாசலிலேயே சின்னம்மா நிறுத்திவிட்டார்.

“எங்களுக்கு ஏண்ணே வெத்தல வைக்கல?”

“நீங்கதான் தெனமும் டிக்கெட்டு எடுக்குறீகளே தாயி. எடுக்காதவுகளத்தான அழைக்கணும்?”

“ஓகோ! திருடுறவுக வீட்டுக்குத் தட்டோட போவீக. ஒழுங்கா இருக்குறவுக தெருவுல கால் படாது. நல்ல நாயம்ணே.”

“தப்புத்தேன்” என்றார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவரை நான் மதிப்பது இதற்காகத்தான். எங்களுக்கு நல்லது செய்ய வந்த பெரிய மனிதர் என்று யாரும் அவரைப் புகழ வேண்டாம். அவர் எங்களை மறந்தார், மறந்ததைக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். எங்கள் ஊரில் இரண்டாவதைச் செய்த முதல் மேலத்தெருக்காரர் அவர்.

“சரி, அந்த ஆபீசரு என்ன சொல்லிட்டுப் போனாரு?” என்று சின்னம்மா கேட்டார்.

“கால்ல விழாத கொறையாக் கெஞ்சிருக்கேன். ஒரு மாசம் பாக்குறேன்னாரு. அதுக்கு மேல இல்ல.”

“அப்ப உங்க மச்சினன எந்திரிக்கச் சொல்லுங்க. சன்னல்ல நான் உக்காறேன். எனக்கு அந்தத் தெருவுல மாமனும் கெடையாது, மச்சானும் கெடையாது. காசு கேக்க எனக்கு என்ன வெக்கம்?”

பத்தாவது படித்துவிட்டு மிளகாய் கிள்ளப் போய்க்கொண்டிருந்த சின்னம்மா சொன்னது இது. அண்ணன் அவரையே பார்த்தார். மேலத்தெருக்காரர்கள் காலனிப் பெண் ஒருத்தியின் முன்னால் குனிந்து, அவர் கையிலிருந்து டிக்கெட் வாங்க வேண்டும். என்ன நடக்கும் என்று மூவருக்கும் தெரியும்.

“உன்னைய வைவாங்க தாயி.”

“வயக்காட்டுல மட்டும் என்ன கொஞ்சிக்கிட்டா இருக்காக?”

மறுநாளே சோலை ஒப்புக்கொண்டார். கமிஷனில் பாதி அவருக்கு, பாதி சின்னம்மாவுக்கு என்று பேச்சு. வாழ்க்கையில் முதன்முறையாகக் கமிஷன் என்ற ஒன்றைப் பார்க்கப்போகிற மகிழ்ச்சி அவருக்கு.

சின்னம்மா ஜன்னலில் உட்கார்ந்த முதல் காலை. மேலத்தெரு தூரத்தில் கூட்டமாக நின்று பார்த்தது. அண்ணன்தான் முதலில் போனார். குனிந்தார். “தங்கச்சி, ராமநாதபுரம் ஒண்ணு.” சின்னம்மா கொடுத்த டிக்கெட்டைக் கையோடு கை பட வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் வந்து, காசைத் தூரத்தில் நின்று பலகையில் விட்டெறிந்தார். அது உருண்டு கீழே விழுந்தது. சின்னம்மா அசையவில்லை.

“எடுத்துக் கையில குடுங்க. எறியிறதுக்கு இது கோயில் உண்டியல் இல்ல.”

அவர் எடுக்கவில்லை. வேனுக்குப் போய்விட்டார். அவரோடு அந்தத் தெருவே போனது. அன்று மாலை கூட்டம் போட்டு அண்ணனிடம் கோயில் வரி வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமல்ல. வரி வாங்கவில்லை என்றால் நீ அந்த ஊர்க்காரனே இல்லை, உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று பொருள். அவர் துணைவியார் அழுதார். அண்ணன் என்னிடம் வந்து, “தம்பி, இந்த வருசம் சாமி எனக்கு ஓசி” என்றார். சிரித்தார். ஆனால் அன்று டீக்கடைக்கு அவர் போகவில்லை என்பதைக் கவனித்தேன்.

காலனியின் டிக்கெட்டுகளை வைத்து மட்டும் ஹால்ட்டைக் காப்பாற்ற முடியாது. ஒரு மாதம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உண்ணாவிரதம் இருக்கலாம் என்றேன். அண்ணன், “பொறு, வேன்காரன் நம்ம கட்சிதான்” என்றார்.

அவர் சொன்னதுபோலவே ஆனது. டீசல் விலை ஏறியது, வேன்காரர் கட்டணத்தை ஏற்றினார். பால் கேனுக்குத் தனி, மிளகாய் மூட்டைக்குத் தனி. முதலில் உடைந்தது மேலத்தெருப் பெண்கள். ஒரு காலையில் பால் கேன்களைத் தூக்கிக்கொண்டு நாலைந்து பேர் ஜன்னலுக்கு வந்தார்கள். வீட்டு ஆண்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

“ஏடி, அங்கன போகாத!”

“ஒங்க வீராப்புக்கு நான் வேன்காரனுக்கு அழுவணுமாக்கும்? வீராப்ப நீங்க தலையில சொமங்க. நான் பாலச் சொமக்குறேன்.” சொன்ன பெண் ஜன்னலில் கையை நீட்டினார். “ஏ பேச்சி, ராமநாதபுரம் ஒண்ணு குடு ஆத்தா.”

“இந்தாங்கத்தா.”

பிறகு ஆண்களும் வந்தார்கள், ஒவ்வொருவராக, யாருக்கோ எடுப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு. மனம் மாறி வந்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ரயில் கட்டணம் குறைவு, அதனால் வந்தார்கள். சாதியை ஒழிக்கக் கட்டணம் குறைந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. வண்டியில் இறங்கியதும் அவரவர் திமிர் அவரவரிடம் திரும்பிவிடும். ஆனால் அந்த ஜன்னலில் காசு கைக்குக் கை போகிறது. வண்டியில் டிக்கெட்டோடு எங்கள் பெண்கள் உட்கார்ந்திருந்தால் எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் வாய் இல்லை.

அதிகாரி மாத முடிவில் வந்தார். விற்பனையைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறிப் போனார். புதிய கால அட்டவணை வந்தபோது அதில் கருவம்பொட்டல் இருந்தது. சில நாளில் வேன் ஊரை விட்டுப் போய்விட்டது. ஏஜென்சியும் பிறகு சின்னம்மா பெயருக்கே மாறியது. சங்கத்துக்கு உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். முதல் ஆள் சோலை.

நான் அண்ணனிடம் கேட்டேன்: “ஒரு வேன் நின்னதுனால நாட்டுக்கு எவ்வளவு எண்ணெய் மிச்சம்ணே? கடல்ல ஒரு சொட்டு.”

“சொட்டுத்தேன். ஆனா எவனோ கொழாயத் திருகுறான்னு அன்னைக்கி லாரிக்கு அடியில படுத்து மூக்கச் சிந்திக்கிட்டு இருந்தேன்ல? இப்ப ஒரு கொழாய நான் திருகிட்டேன். எல்லா ஊர்லயும் ஆளுக்கு ஒண்ணு திருகட்டும். தில்லியில இருக்குறவுக பெரிய கொழாயத் திருகட்டும்.” உடனே அடுத்த கோரிக்கைக்குப் போய்விட்டார்: மாலையில் ஒரு பாசஞ்சர், ராமேஸ்வரத்திலிருந்து மீன் கூடைகளை ஏற்ற ஒரு தனிப் பெட்டி, ராமநாதபுரம் ஸ்டேஷன் வாசலில் வண்டி நேரத்துக்கு டவுன் பஸ். மூன்றுக்கும் மனு எழுதினோம். ஒன்றுக்கும் இதுவரை பதில் இல்லை. இன்னும் எழுதுவேன்.

அவர் இறுதிச் சடங்குக்கு நான் பாசஞ்சரில்தான் போனேன். கூட்டம் நெருக்கித் தள்ளியது. எங்கள் தெரு ஆண்கள் சாவு வீட்டில் மேளம் அடிக்க வேண்டும் என்று யாரும் கேட்டு வரவில்லை. அப்படிக் கேட்கக்கூடாது என்று அவர் துணைவியார் சொல்லிவிட்டாராம். நாங்கள் அடிக்கப் போகவில்லை, தூக்கப் போனோம். கோயில் வரி வாங்க மறுத்த தெரு என்ன செய்யுமோ என்று எனக்குள் ஒரு கலக்கம் இருந்தது. வந்தார்கள். முணுமுணுத்தார்கள், ஆனால் வந்தார்கள். முன்னால் ஒரு தோள் சோலையுடையது, மறு தோள் என்னுடையது.

ஊர்ச் சுடுகாடு ஹால்ட்டை ஒட்டி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பாதையை நெருங்கும்போது மதிய வண்டி வரும் சத்தம் கேட்டது. முன்னால் போன பெரியவர் பதறினார்.

“வெரசாத் தாண்டுங்கப்பா! பாடைய நடுவழியில நிறுத்தக் கூடாது, ஆகாது!”

சோலை நின்றுவிட்டார். அவர் நின்றதால் நானும் நின்றேன்.

“நிக்கலாம் மாமா,” என்றார் சோலை. “இந்த வண்டி இங்கன நிக்கணும்னு இந்த மனுசன் எத்தன பேருகிட்ட நின்னாரு. அதுக்காக அவரு ஒரு நிமிசம் நிக்கமாட்டாரா?”

வண்டி வந்து நின்றது. ஜன்னல்களில் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் இறங்கி எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் ஏறினார்கள். வெயிலில் தோள் எரிந்தது; அண்ணன் கனமான மனிதர். கார்டு பச்சைக் கொடியை அசைத்தார். கடைசிப் பெட்டி கடந்து போனது.

சோலை என்னைத் திரும்பிப் பார்த்தார். “போவோமா மாப்ள?”

தண்டவாளத்தைத் தாண்டினோம். போய் வாருங்கள், அண்ணே. வண்டி நிற்கிறது.